பழைய பிக்கப் வண்டியும் அதன் ஆண்டும்



2022-ஆம் ஆண்டில், பள்ளி விடுமுறை நாளொன்றில், நம் தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துண்டுக் காகிதம். "2013 பிக்கப், நான்கு கதவு, 94,000 கிலோமீட்டர், 38,000 வெள்ளி" என்று அதில் பேரனின் கையெழுத்தில் எழுதியிருந்தது. சேமநிதிப் பணத்திலிருந்து அந்த வண்டியை வாங்கி, மகன் கையில் கொடுத்து, சுற்று வட்டாரச் சிறு தோட்டக்காரர்களின் குலைகளை ஏற்றிப் பிழைக்கச் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"வாத்தியாரே, 2013 வண்டி நல்ல வண்டிதானா? நீங்கள் சொன்னால் வாங்கிவிடுவேன்" என்றார்.

நாமும் இரண்டொருவரைக் கேட்டுப் பார்த்து, "ஆண்டு நல்ல ஆண்டுதான், ஐயா" என்று சொல்லி அனுப்பினோம். வண்டி வாங்கிய நான்காம் மாதம், தெலுக் இந்தான் சாலையில், குலை ஏற்றிய நிலையில், எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட் அறுந்துபோயிற்று. பழுது பார்க்க ஏழாயிரம் வெள்ளிக்கு மேல் ஆயிற்று. வண்டி பட்டறையில் கிடந்த ஆறு வாரமும் மகனுக்கு வருமானம் இல்லை. பெரியவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால், அன்று நாம் கொடுத்தது அரைப் பதில் என்பது நமக்குத் தெரியும். மீதிப் பாதியைத் தேடிக் கற்றுக்கொள்ள நமக்கு ஓராண்டு பிடித்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

தோட்டத்தில் வாழும் நமக்கு ஆண்டின் பொருள் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு காட்டையும் அதை நட்ட ஆண்டைச் சொல்லித்தானே அடையாளம் காட்டுகிறோம்? நட்ட ஆண்டு தெரிந்தால் மரம் எவ்வளவு உயரம் இருக்கும், எத்தனை குலை தரும், எப்போது வெட்டிச் சாய்ப்பார்கள் என்பதெல்லாம் ஓரளவு தெரிந்துவிடும். ஆயினும், ஒரே ஆண்டில் நட்ட இரண்டு காடுகளில் ஒன்று குலை குலையாய்த் தள்ளும்; மற்றொன்று தண்ணீர் தேங்கி மஞ்சள் பூத்து நிற்கும். வண்டிக்கும் இப்படித்தான். ஆண்டு ஒரு பாதி செய்தியைச் சொல்லும். அந்தப் பாதியையும் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில், எந்த ஆண்டு என்பதையே கேட்க வேண்டியிருக்கிறது. நாம் கிராண்ட் என்று சொல்லும் உரிமைப் பத்திரத்தில் இரண்டு ஆண்டுகள் உண்டு. ஒன்று, 'தாஹுன் டிபுவாட்', அதாவது வண்டி செய்யப்பட்ட ஆண்டு. மற்றொன்று, ஜே.பி.ஜே.யில் முதன்முதலாகப் பதிவு செய்த நாள். 2012 அக்டோபரில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த வண்டி, விற்பனை நிலையத்தில் காத்துக் கிடந்து 2013 மார்ச்சில் பதிவாகியிருக்கலாம். விற்பவர் 2013 என்பார், அது பொய்யாகாது. ஆனால், பெல்ட்டுக்கும் ரப்பர்க் குழாய்களுக்கும் வயது 2012-இலிருந்தே தொடங்கிவிட்டது. பதிவு எண்ணைப் பார்த்து ஆண்டைக் கணிப்பது பலருக்குப் பழக்கம். அது ஏறத்தாழத்தான் சரியாக வரும். சேசி எண்ணின் பத்தாம் எழுத்து ஆண்டைக் காட்டும் என்று சிலர் சொல்வார்கள். அது அமெரிக்காவுக்கு என்று செய்யும் வண்டிகளுக்குக் கட்டாயமான முறை. நம் நாட்டில் ஓடும் தாய்லாந்து வண்டிகளுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்த்தால் ஏமாந்து போகலாம்.

பத்திரத்தின்மேல் ஐயம் வந்தால் வண்டியையே கேட்கலாம். இருக்கை வாரின் அடிப்பகுதியில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டில் வார் செய்யப்பட்ட தேதி இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். டயரை மாற்றியிருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால், எவரும் தொடாத உதிரிச் சக்கரம் பெரும்பாலும் வண்டி பிறந்த நாளிலிருந்து அடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் குனிந்து பாருங்கள்.

ஆண்டு உறுதியானதும் அடுத்த கேள்வி, அந்த ஆண்டு எந்தத் தலைமுறையில் விழுகிறது என்பது. பிக்கப் வண்டிகள் ஆண்டுதோறும் புதிதாக வடிவமைக்கப்படுவதில்லை. ஒரு வடிவம் வந்தால் ஏழெட்டு ஆண்டுகள், சில வேளை பத்தாண்டுகள்கூட ஓடும். இடையில் முன்முகத்தையும் விளக்கையும் மாற்றிப் புதிது போலக் காட்டுவார்கள். உள்ளே எஞ்சினும் சேசியும் அப்படியே இருக்கும். ஆகவே 2011-க்கும் 2013-க்கும் ஒரே நிறுவன வண்டியில் வேறுபாடு ஒன்றுமில்லாமல் போகலாம். 2015-க்கும் 2016-க்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கலாம்.

டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 2005 முதல் ஓடிய தலைமுறை ஒன்று. 2015-இல் தாய்லாந்தில் வெளியாகி 2016-இல் இங்கு வந்த தலைமுறை மற்றொன்று. முன்னதில் 2.5, 3.0 லிட்டர் டீசல் எஞ்சின்கள். இரண்டிலும் டைமிங் பெல்ட் உண்டு. பின்னதில் 2.4, 2.8 லிட்டர் எஞ்சின்கள். பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி. இசுசு டி-மேக்ஸ் வண்டியில் முதல் தலைமுறை தாய்லாந்தில் 2002-இல் தோன்றியது. இரண்டாவது 2011-இல் அங்கே வந்து, 2013-இல் நம்மிடம் வந்தது. மூன்றாவது அங்கு 2019, இங்கு 2021. மிட்சுபிசி டிரைட்டனோ அங்கு 2005-இல் ஒரு தலைமுறை, 2014-இறுதியில் அடுத்தது. இங்கே அது 2015. பிறகு 2019-இல் முகம் மாறியது. 2024-இல் முற்றிலும் புதியது வந்தது. ஃபோர்டு ரேஞ்சரில் 2012-இல் நம் நாட்டுக்கு வந்த தலைமுறையும் 2022-இல் வந்த தலைமுறையும் வேறு வேறு. நிசான் நவாராவில் 2008-இல் வந்தது ஒன்று, 2015 நவம்பரில் வந்தது ஒன்று.

இந்த ஆண்டுகளையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாங்க நினைக்கும் ஒரு வண்டிக்கு மட்டும், 'இந்த வடிவம் எந்த ஆண்டு தொடங்கியது, எந்த ஆண்டு முடிந்தது' என்று போமனைக் கேட்டு ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டால் போதும். பிறகு நம் வண்டி அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

தொடக்க ஆண்டு வண்டியா? கொஞ்சம் தயங்குவது நல்லது. புது வடிவம் எதுவானாலும் அதன் குறைகள் ஆயிரக்கணக்கானோர் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளிப்படும். நிறுவனம் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தும். எனவே இரண்டாம், மூன்றாம் ஆண்டு வண்டிகளில் தொல்லை குறையும். ஒரு வடிவத்தின் கடைசி இரண்டு ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் நன்கு பழுத்தவை. உதிரிப் பாகமும் எங்கும் கிடைக்கும். போமன்களுக்குக் கையும் பழகியிருக்கும். புது வடிவம் வந்தவுடன் பழைய வடிவம் நாட்டுப்புறமாகத் தோன்றும், விலையும் இறங்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வாங்கும் நேரம் என்பது நம் கருத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி, அந்தப் பெரியவரைக் கவிழ்த்த பெல்ட்டுக்கு வருவோம். எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அவற்றுக்கு மேலே வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் தாளம் தவறாமல் இயங்கச் செய்வதுதான் டைமிங் பெல்ட்டின் வேலை. பறையடிப்பவரும் ஆடுபவரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் தாளம் நின்றுவிடும். மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வின்மேல் மோதும். வால்வு வளையும், எஞ்சின் தலை கெடும். சில நூறு வெள்ளியில் மாற்றக்கூடிய ஒரு பெல்ட், பல ஆயிரம் வெள்ளியை இழுத்துவிடும்.

இதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பழைய டிரைட்டனின் 2.5 லிட்டர் எஞ்சினில் ஏறத்தாழ 100,000 கிலோமீட்டரில் மாற்றுவது வழக்கம். 2016-க்கு முற்பட்ட ஹைலக்ஸில் 100,000 முதல் 150,000 வரை சொல்வார்கள். கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல. பெல்ட் ரப்பரால் ஆனது. ரப்பர் வயதானால் இறுகும், வெடிக்கும் என்பதை ஒரு காலத்தில் பால்வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா? ஓடாமல் கொட்டகையில் நின்ற வண்டியானாலும், பெல்ட் மாற்றிய தேதிக்குச் சான்று இல்லையென்றால், மாற்றவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அப்படியானால், சங்கிலி உள்ள எஞ்சின் என்றால் கவலையில்லையா? பெரும்பாலும் கவலை குறைவுதான். டி-மேக்ஸின் 3.0 லிட்டர் எஞ்சின் சங்கிலியோடு நெடுநாள் உழைப்பதற்குப் பெயர் பெற்றது. ஆயினும், சங்கிலி என்ற பெயரே காவல் ஆகிவிடாது. 2005-க்குப் பின் 2010-க்கு முன் செய்யப்பட்ட நவாரா வண்டிகளின் 2.5 லிட்டர் எஞ்சினில், ஒற்றை வரிச் சங்கிலி நீண்டு தளர்வது பல நாடுகளில் தெரிந்த குறை. காலையில் எஞ்சினை முடுக்கும்போது முன்பக்கத்தில் கலகலவென்று சத்தம் கேட்டால் அதுவாக இருக்கலாம். ஃபோர்டு ரேஞ்சரில் 2018-இறுதி முதல் வந்த 2.0 லிட்டர் எஞ்சினிலோ பெல்ட் எண்ணெய்க்குள் நனைந்தபடி ஓடுகிறது. குறித்த எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் அந்தப் பெல்ட் சிதைந்து எண்ணெய் வழியையே அடைக்கும். அதற்கு முந்திய 2.2, 3.2 லிட்டர் எஞ்சின்களில் இன்னொரு விந்தை உண்டு. எண்ணெய் மாற்றும்போது பழையதை வடியவிட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் காயப் போட்டால், எண்ணெய் பம்ப் வறண்டு, மறுபடி முடுக்கும்போது இழுக்காமல் போய் எஞ்சினைக் கெடுத்துவிடும். இது தெரியாத போமன், வடியவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அந்த வண்டியை வாங்குபவர், யார் எண்ணெய் மாற்றினார் என்று கேட்பது தவறாகாது.

டீசல் எஞ்சினில் நடந்த மற்றொரு பெரிய மாற்றத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்தின் முதல் சில ஆண்டுகள் வரை நம் பிக்கப்களில் டீசலை எஞ்சினுக்குள் செலுத்தியது ஓர் இயந்திரப் பம்ப். தோட்டத்துப் போமனே கழற்றிப் பூட்டிவிடுவார். 2005-ஐ ஒட்டி 'காமன் ரயில்' முறை வந்தது. ஒரு தடித்த குழாயில் மிகக் கடுமையான அழுத்தத்தில் டீசலைத் தேக்கி வைத்து, கணினிக் கருவி கட்டளையிடும் நொடியில் இன்ஜெக்டர்கள் தெளிக்கின்றன. இழுவை கூடியது, புகை குறைந்தது, டீசல் மிச்சமானது. ஆனால், துளித் தண்ணீரும் தூசும் அந்த இன்ஜெக்டர்களுக்கு ஆகா. நான்கையும் மாற்ற நேர்ந்தால் சில ஆயிரம் வெள்ளி கைவிட்டுப் போகும். 2005-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட 3.0 லிட்டர் ஹைலக்ஸ் வண்டிகளில் இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வளையம் கசிந்து, கரி எண்ணெயில் கலந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைப்பது தெரிந்த ஒரு நோய். அந்த ஆண்டு வண்டியைப் பார்க்கப் போனால், அந்த வளையங்கள் மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள்.

இதில் நம் கைவேலையும் கலந்திருக்கிறது. நாம் வெட்டும் குலையின் எண்ணெய்தான் டீசலோடு சேர்க்கப்படுகிறது. 2011-இல் 5 விழுக்காட்டில் தொடங்கியது, 2019-இல் 10 விழுக்காடாயிற்று. தாவர எண்ணெயில் செய்த டீசல் ஈரத்தைச் சற்று அதிகமாக இழுக்கும். பழைய தொட்டியில் படிந்த கசடையும் கரைத்துக்கொண்டு வரும். ஆதலால் பழைய வண்டி வாங்கியதும் டீசல் வடிகட்டியை மாற்றிவிடுவது சிறிய செலவில் பெரிய காவல். 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசலின் பொது மானியம் நீக்கப்பட்டு, 2.15 வெள்ளி விற்ற லிட்டர் 3.35 ஆனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றிலிருந்து, புகை கக்கும் எஞ்சின் நம் பணப்பையையும் சேர்த்துக் கக்குகிறது.

இதுவரை சொன்னது ஆண்டு சொல்லும் கதை. ஆண்டு சொல்லாத கதை மூன்று உண்டு.

ஒன்று, வண்டி என்ன சுமந்தது என்பது. தோட்டத்தில் ஓடிய வண்டி என்றால் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது உரம் சுமந்த வண்டியா என்று பாருங்கள். நாம் காட்டில் இறைக்கும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உப்பு இருக்கிறது. ஓட்டைச் சாக்கிலிருந்து சிந்திய உரம் மழை ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைக் கடல்நீர் போல அரிக்கும். பின்தொட்டியின் மேலே புதுச் சாயம் பூசியிருப்பார்கள். அதனால் மேலே பார்த்துப் பயனில்லை. கீழே படுத்து, தொட்டியைச் சேசியோடு பிணைக்கும் இடங்களையும், ஸ்பிரிங் பட்டைகள் சேசியைத் தொடும் இடங்களையும் ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மண்சட்டி போல மொத்தென்று ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டைகளின் எண்ணிக்கை இருபுறமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் எண்ணுங்கள். கூடுதல் பட்டை சேர்த்திருந்தால், அந்த வண்டி தன் சக்திக்கு மேல் சுமந்தது என்பது தானே விளங்கும்.

இரண்டாவது, வெள்ளம். 2014 டிசம்பரில் கிளந்தானும் பகாங்கும் மூழ்கின. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரம் மூழ்கியது. தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவிக் காயவைத்து வேறு மாநிலங்களில் விற்கப்படுவதுண்டு. அந்த நாள்களுக்கு முன் பதிவான வண்டி என்றால் ஐயத்தோடு பாருங்கள். இருக்கை வாரை முழு நீளத்துக்கும் இழுத்தால், எவரும் கழுவ நினைக்காத கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். இருக்கையின் அடிக் கம்பிகளில் துரு, கால்மிதியின் அடியில் மண், பூட்டிய வண்டிக்குள் ஊதுவத்தி மணம் — இவை மூன்றும் சேர்ந்தால் திரும்பி வந்துவிடலாம்.

மூன்றாவது, கிலோமீட்டர் கணக்கு. இது ஆறாம் ஆண்டு மாணவர் செய்யும் வகுத்தல்தான். தனியார் வண்டி ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 2013 வண்டி 2022-இல் ஒன்பது வயது. 180,000 ஓடியிருக்க வேண்டும். மீட்டரோ 94,000 காட்டியது. ஆண்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். தொழிலுக்கென்று வாங்கிய பிக்கப் அவ்வளவு குறைவாகவா ஓடும்? அன்று அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஒரு வகுத்தலை நாம் செய்யவில்லை. பெல்ட் அறுந்த பிறகு, பட்டறையில் இருக்கையைத் தூக்கியபோது, பழைய பட்டறைச் சீட்டு ஒன்று கிடைத்தது. 2020-ஆம் ஆண்டுத் தேதியில் 171,000 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. பெல்ட் மாற்ற இன்னும் ஆறாயிரம் கிலோமீட்டர் இருக்கிறதென்று நம்பி ஓட்டியிருக்கிறார், பாவம், அந்த மகன்.

மீட்டரைத் திருத்துபவர் பிரேக் மிதியின் ரப்பரைத் திருத்த மறந்துவிடுவார். ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து இருக்கையின் விளிம்பு, ஸ்டீரிங் வளையத்தின் மேற்பகுதி, கியர்த்தடியின் குமிழ் — இவை வழவழவென்று தேய்ந்திருந்தால் 90,000 என்ற எண்ணை நம்ப வேண்டியதில்லை.

உயிர்க்காப்புக் காற்றுப் பைகளைப் பற்றியும் ஒரு சொல். தக்காத்தா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப் பைகள், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே உள்ள வெடிப்பொருள் கெட்டு, விபத்தின்போது இரும்புத் துண்டுகளைச் சிதறடித்தன. 2014-இல் சரவாக்கில் ஒரு பெண்மணி அப்படி உயிரிழந்தார். அந்த நிறுவனம் 2017-இல் நொடித்துப் போயிற்று. ஆனால், 2000-க்கும் 2010-களின் நடுப்பகுதிக்கும் இடையில் அந்தப் பைகள் பல நிறுவன வண்டிகளில் பொருத்தப்பட்டன. பிக்கப்களும் அவற்றுள் உண்டு. சேசி எண்ணைச் சொன்னால், அந்த நிறுவனத்தின் சேவை நிலையத்திலேயே பை மாற்றப்பட்டதா என்று சொல்வார்கள். மாற்றவில்லையென்றால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள். பேரப்பிள்ளைகளை முன்னிருக்கையில் ஏற்றும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு முன் செய்யும் பி 5 என்ற சோதனை அறிக்கையைக் காட்டி, "பாஸ் ஆன வண்டி" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சோதனை தேவையானதுதான். சேசி எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அதன் தலையாய வேலை. இன்ஜெக்டர் இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்று அது சொல்லாது. அது போலவே, கிராண்டில் வங்கியின் உரிமைக் கோரிக்கை இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். தவணை முடியாத வண்டியை வாங்கிவிட்டு அலைந்த குடும்பங்கள் உண்டு.

போன ஆண்டு, நம் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் பிக்கப் தேடினார். கணவரை இழந்தவர், காய்கறி வாங்கி மூன்று தோட்டங்களில் விற்பவர். மகள் தொழிற்கல்லூரியில் வாகனப் பிரிவில் படிக்கிறாள். மூவரும் ஒரு சனிக்கிழமை ஈப்போவுக்குப் போனோம். மூன்று வண்டிகள் பார்த்தோம். முதலாவது புதிய வடிவத்தின் முதல் ஆண்டு வண்டி, 52,000 வெள்ளி. இரண்டாவது 2015, கண்ணாடி போலப் பளபளத்தது. கடை முதலாளி, "அக்கா, இதைவிட அழகான வண்டி கிடைக்காது" என்றார். மகள் பேசாமல் பின்னிருக்கை வாரைக் கடைசி வரை இழுத்தாள். செம்மண் நிறத்தில் ஒரு கோடு. "வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது 2014-இல் செய்து அதே ஆண்டில் பதிவான வண்டி. அந்த வடிவம் முடிய ஓராண்டு இருந்தபோது வந்தது. சாயம் மங்கியிருந்தது. ஒரே உரிமையாளர், இரும்புக் கடைக்காரர். 163,000 கிலோமீட்டர், மிதி ரப்பரும் அந்த எண்ணோடு ஒத்துப்போனது. சேவைப் புத்தகத்தில் கடைசி மூன்று பக்கம் மட்டும் வெறுமையாய் இருந்தன. பெல்ட் மாற்றியதற்குச் சான்று இல்லை. "சார், இதை வாங்கலாம். ஆனால் பெல்ட் காசைக் கழித்துத்தான்" என்றாள் மகள். தாயார் நம் முகத்தைப் பார்த்தார். இம்முறை நாம் அவசரப்படாமல், மகளிடமிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டு கீழே படுத்தோம்.

36,500 வெள்ளிக்கு முடிந்தது. முதல் சுமை ஏற்றுவதற்கு முன்பே டைமிங் பெல்ட்டும் டீசல் வடிகட்டியும் மாற்றினார்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மகள் ஓர் அட்டையில் எழுதி, எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.